வாகை மரத்தில் மூன்று ஆப்பு

பக்கத்து வீட்டுப் பெண் மஞ்சளைக் குழைத்து நாகவல்லியின் கன்னத்தில் பூசிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி பின்னால் உட்கார்ந்து, நாலு முழம் மல்லிகையை மடித்து மடித்துக் கொண்டையில் சொருகினாள். கடைசியாக ஒரு தடவை, கடைசியாக ஒரு தடவை என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் செய்தார்கள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவள் புருஷன் செங்கல்வராயன் படுத்திருந்தார். பெட்டியின் மோட்டார் உறுமுவதும் நிற்பதுமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஷாமியானா நிழலில் ஆம்பிளைகள் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நேற்று மரம் அறுக்கப்போன இடத்தில் நடந்ததை, கூட வேலை செய்கிற ஜஸ்டின் ஏழாவதோ எட்டாவதோ தடவையாக அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆப்பு எறங்கவே இல்ல மாமே. அண்ணாத்தே அடிக்கிறாரு, அடிக்கிறாரு, நவுரவே மாட்டேங்குது. ஒரு மணி நேரம் இருக்கும். குடுண்ணே நான் அடிக்கிறேன்னு கேட்டேன். போடா, உனுக்குக் கவுறுதான் லாயக்குன்னாரு. அப்பால உக்காந்தாரு. தண்ணி குடிச்சாரு. திரும்ப எய்ந்து அடிச்சாரு. அவ்ளோதான்."

நாகவல்லி கன்னத்தில் இருந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, எரியுதா?"

"ஒண்ணும் இல்ல. பூசு."

வெளியே உச்சுக் கொட்டினார்கள். கெட்டி மரம் போல, என்றார் ஒருவர். வேலை செய்துகொண்டே போனது கல்யாணச் சாவு, என்றார் இன்னொருவர். ஐம்பத்தெட்டு வயதில் என்ன கல்யாணச் சாவோ. ஆப்பு ஏன் இறங்கவில்லை என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லக்கூடிய ஆள் ஜன்னலுக்கு இந்தப் பக்கம், முகம் நிறைய மஞ்சளோடு உட்கார்ந்திருந்தாள்.

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் மதில் சுவரை உடைக்கிற மரம், தரைக்கடியில் தண்ணீர்ச் சம்ப்பைப் பிளக்கிற மரம், கரண்ட் கம்பியில் சாய்கிற மரம், எதுவானாலும் செங்கல்வராயனுக்குத்தான் போன் வரும். மூன்று பேர் கூட்டணி. ஜஸ்டின் மேலே ஏறிக் கிளைகளைக் கழித்துக் கயிறு கட்டுவான். செங்கல்வராயன் அறுக்கிற மிஷின் பிடிப்பார். ஆப்பு வைப்பது நாகவல்லி. மரம் எந்தப் பக்கம் விழவேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் ஒரு வாய் வெட்டுவார்கள். பிறகு எதிர்ப்பக்கமிருந்து மிஷின் உள்ளே போகும். அது போகப் போக அந்தக் கீறலுக்குள் பின்னாலேயே ஆப்பைச் செருகிக்கொண்டு போகவேண்டும். இல்லையென்றால் மரம் மிஷின் மேலேயே உட்கார்ந்துவிடும். அல்லது எந்த வீட்டைக் காப்பாற்ற வந்தோமோ அந்த வீட்டு மேலேயே வந்து படுத்துக்கொள்ளும். செருகிய ஆப்பைச் சம்மட்டியால் அடிக்க அடிக்க மரம் மயிரிழை மயிரிழையாக எழும்பும், எழும்பிச் சாயும். வேடிக்கை பார்க்கிற கூட்டம் மிஷின்காரரைத்தான் போட்டோ எடுக்கும். அதைப் பற்றி நாகவல்லி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

ஆப்புக்கு அவர்கள் வைத்திருந்தது கருவேலம். செம்பரம்பாக்கம் பக்கம் யாரோ குடோன் கட்டுவதற்காக இடத்தைச் சுத்தம் செய்தபோது கிடைத்த வைரம் பாய்ந்த கட்டை. வெயிலில் போட்டால் வெடித்துவிடும் என்று தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், நிழலிலேயே ஒரு வருஷம் காயவைத்து, நார் ஓட்டம் நேராக இருக்கிற துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி, ஏழு ஆப்பு சீவினார்கள். இரும்பு ஆப்பைப் பைக்குள் சேர்ப்பதே இல்லை. மிஷின் செயின் அதில் பட்டால் பல் தெறித்து யார் கண்ணைப் பறிக்கும் என்று சொல்ல முடியாது. பெண் சௌம்யா ஐ.டி. வேலைக்குப் போன புதிதில் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்த ஆரஞ்சுக் கலர் பிளாஸ்டிக் ஆப்பு இரண்டு இருந்தன. பொண்ணு வாங்கிக் குடுத்தது என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். மரத்துக்குக் கொண்டுபோக மாட்டார்.

வாங்குவதும் சீவுவதும் பெரிய விஷயமில்லை. பார்த்துக்கொள்வதுதான் வேலை. சம்மட்டி அடி வாங்கி வாங்கி ஆப்பின் தலை, மென்ற வேப்பங்குச்சி மாதிரி நார் நாராகப் பூத்துவிடும். அப்படியே விட்டால், அடிக்கிற அடியெல்லாம் அந்த நாருக்குள்ளேயே செத்துப்போகும். ஆப்பு உள்ளே போகாது. அதனால் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் பூத்ததைச் சீவி, தலையைச் சுற்றிச் சரிவாக அரத்தால் ராவ வேண்டும். முனையில் ஒட்டிய மரப்பாலை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். இரண்டு ஆப்பைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் பைக்கு, மொத்தென்றால் உள்ளே விரிசல், அடுப்புக்கு. இதெல்லாம் நாகவல்லி துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து செய்வது. அவருக்குக் கிட்டத்துப் பார்வை போய் ஐந்து வருஷம் ஆகிறது. வாங்கிய கண்ணாடி டி.வி. மேஜை டிராயரிலேயே கிடக்கிறது. கண்ணாடி போட்டால் கிழவன் என்று கூப்பிடுவார்களாம்.

போன வாரம் அவருக்கு இடது கை வலித்தது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டார். மறுநாள் தோளுக்கு ஏறியது. மாடிப்படி ஏறும்போது நின்று மூச்சு வாங்கினார். ஆஸ்பத்திரிக்கு வா என்று நாகவல்லி கூப்பிட்டாள், கெஞ்சினாள், திட்டினாள். மனுஷன் கேட்டால்தானே. வியாழக்கிழமை சாயங்காலம் பூந்தமல்லியில் ஒரு வேப்பமரத்தை முடித்துவிட்டு வந்து பையைக் கல்லின் மேல் வைத்தார். அவள் தொடவில்லை.

"இன்னா, அப்படியே கெடக்குது?"

"நான் தொட மாட்டேன்யா. நீ போய் ஈசிஜி எடுத்துகினு வா, அப்பால பாக்கலாம். அது வரைக்கும் ஆப்பும் ராவ மாட்டேன், மரத்தண்டயும் வர மாட்டேன்."

"வாணாம் போ. வாயுப் புடிப்புக்கு எவனாவது ஈசிஜி எடுப்பானா?"

அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ராவாத ஆப்போடு மரத்தடிக்குப் போகிற ஆள் இல்லை அவர். அந்த விஷயத்தில் கோயில் பூசாரி கெட்டான். கைவலிக்காக வீட்டில் கிடக்காத மனுஷன் ஆப்புக்காகவாவது கிடப்பார், இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிவார், மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வாடி போலாம் என்பார் என்று நினைத்தாள். முப்பத்தொரு வருஷம் கூடவே குப்பை கொட்டியவள் போட்ட கணக்கு. வெள்ளி போயிற்று, சனி போயிற்று. பை கல்லின் மேலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பையைத் தூக்குகிற சத்தம் கேட்டது, உள்ளே ஆப்புகள் கடகடத்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீம்பு. தூக்கட்டும், தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம்தான் போகிறார் பார்ப்போம் என்கிற வீம்பு. பதினோரு மணிக்கு ஜஸ்டின் போன் பண்ணினான்.

"பெரியம்மா, மாலை போடறவங்க வந்துருக்காங்க," என்று யாரோ பெண் வந்து சொல்ல, மஞ்சள் பூசியவர்கள் நாகவல்லியைத் தூக்கிக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள்.

மாலையோடு வந்திருந்தவர் எத்திராஜ். ஆவடி டாங்க் பேக்டரியில் ரிட்டயரானவர். அண்ணனூர் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம், நாலு தெரு தள்ளி வீடு. அவர் வீட்டு வாகை மரந்தான் அது. மாலையைப் பெட்டி மேல் வைத்தார், கும்பிட்டார், பிறகு போகவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் செருப்பில்லாத காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார். நாகவல்லியைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது. கொழுந்தன் கோவிந்தராஜிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. மரம் அப்படியே நிக்குது. முக்கால்வாசி அறுத்தாச்சு, மூணு ஆப்பு மேலதான் நிக்குது. அதுவும் வீட்டுப் பக்கம் சாஞ்ச மரம். நாங்க ராத்திரி எதிர் வீட்டுல போய்ப் படுத்தோம். சாயங்காலம் காத்து மழை இருக்குன்னு நியூஸ்ல வேற சொல்றான்."

"எழவு ஊட்ல வந்து மரத்தப் பத்திப் பேசறியே சார், நாயமா இது? ஆளே பூட்டாரு. நாளைக்கி வேற டீம இட்டுகினு வரேன், போ."

"இல்ல தம்பி, பின்னாடியே வழி, பசங்க டியூஷனுக்கு அந்த வழியாத்தான்…"

"நாளைக்கின்னு சொன்னேன்ல."

நாகவல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முக்கால்வாசி அறுத்த மரம், வீட்டுப் பக்கம் சாய்ந்த மரம், ராவாத ஆப்பு. சௌம்யா ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் தோளில் தலையை வைத்தாள். அவளிடம் சொல்லலாம் என்று தோன்றியது. என்ன சொல்வது? உங்கப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக நான் ஒரு வழி பண்ணேன், அந்த வழியிலதான் அவர் போயிட்டாரு என்றா? நீ என்னம்மா பண்ணுவ என்பாள் பெண். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அவர்களுக்கு ஆப்பைப் பற்றி என்ன தெரியும். பார்க்கவேண்டும் என்று இருந்தது. அந்த மூன்று ஆப்பின் தலையையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நாளைக்கு வேறு டீம் வந்தால் பிடுங்கி எறிந்துவிட்டு ஜேசிபி வைத்துத் தள்ளிவிட்டுப் போவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் தெரியாது.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். மேளம் தெருவை அதிரவைத்தது. ஆண்பிள்ளை இல்லாததால் கோவிந்தராஜ் கொள்ளிச் சட்டியைத் தூக்கினார். பெண்கள் தண்ணி டேங்க் முனை வரைக்கும்தான் போகலாம். அங்கே நின்று, வண்டி திரும்பிப் போகும்வரை மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நாகவல்லியும் அழுதாள். பூவை வாரி இறைத்துக்கொண்டே போனார்கள், வெடிச்சத்தம் ரயில்வே கேட் பக்கம் போய்த் தேய்ந்தது.

திரும்பி வந்து ஒவ்வொருவராகக் குளிக்கப் போனார்கள். வீடு கழுவத் தண்ணீர் பிடித்தார்கள். முதலில் பெரியவர்கள் குளிக்கட்டும், நான் கக்கூஸ் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி நாகவல்லி பின்பக்கம் போனாள். ஜன்னல் விளிம்பில் அரம் இருந்தது. எடுத்து முந்தானைக்குள் செருகிக்கொண்டு, சந்து வழியாக வெளியே வந்தாள்.

தெருவெல்லாம் செவ்வந்தியும் ரோஜாவும் மிதிபட்டுக் கிடந்தன. அவள் அதற்கு எதிர்த்திசையில் நடந்தாள். மஞ்சள் முகம், இந்தப் பெரிய பொட்டு, கொண்டை நிறையப் பூ, கை நிறையக் கண்ணாடி வளையல். கல்யாணப் பெண்கூட இத்தனை போட்டுக்கொள்ள மாட்டாள். பால் பூத்தில் நின்றவர் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த பாக்கெட்டோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிரே பைக்கில் புதுச் சட்டை போட்டு வந்தவன் வண்டியை நிறுத்தி, அவள் தாண்டிப் போகும் வரை தலையைக் குனிந்து செல்போனைப் பார்த்தான். அப்புறம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். இருபது வருஷமாக இதே தெருவில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தவள். எத்தனை பேர் நின்று விசாரித்திருக்கிறார்கள். இப்போது அவள் வருவதைப் பார்த்து ஒரு வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

எத்திராஜ் தெருவை மறித்து இரண்டு நாற்காலிகளைப் போட்டு, நடுவே நீலக் கயிற்றைக் கட்டி, ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு காவல் இருந்தார். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"நீங்க ஏம்மா வந்தீங்க? இந்த நேரத்துல நீங்க வரக் கூடாதும்மா."

"பைய எங்க சார் வச்சிக்கீறீங்க?"

"எதையும் தொடலம்மா. எல்லாம் அவர் வச்சது வச்சபடி கிடக்கு."

கிளைகளைக் கழித்த வாகை, இருபதடி உயரத்துக்கு மொட்டையாக நின்றது. வாய் வெட்டு பக்கத்துக் காலி மனையைப் பார்த்து இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது, நூல் பிடித்த மாதிரி வெட்டியிருந்தார். அவள் சுற்றி வீட்டுப் பக்கம் வந்தாள்.

மூன்று ஆப்பும் பாதி வரைக்கும்தான் போயிருந்தன. மூன்றின் தலையும் பூத்துக் கிடந்தது. வியாழக்கிழமை வேப்பமரத்தில் பூத்ததுக்கு மேல் நேற்றுப் பூத்ததும் சேர்ந்து, நார் நாராக வெளியே தள்ளி, ஒன்றில் அடிவாங்கிய பக்கம் அப்பளமாக நசுங்கி இருந்தது. சீவாமல், ராவாமல், அவள் விட்டது விட்டபடி. தெரிந்ததுதான். தெரிந்ததைக் கண்ணால் பார்ப்பது வேறு. அவள் கையை மரத்தில் ஊன்றிக்கொண்டாள். அப்போதுதான் மரப்பட்டையைப் பார்த்தாள். ஆப்பைச் சுற்றிப் பட்டையெல்லாம் வட்ட வட்டமாக நசுங்கி இருந்தது. சம்மட்டி குறி தப்பி விழுந்த இடங்கள். ஒன்று, இரண்டு, ஆறு, பத்து. இத்தனை வருஷத்தில் அவர் அடி ஒன்று குறி தப்பி அவள் பார்த்ததில்லை. கண் தெரியாமல் தப்பியதா, வலியில் தப்பியதா. பக்கத்தில் நின்று, கொஞ்சம் இருய்யா என்று சொல்ல ஆள் இல்லாமல் அடித்திருக்கிறார்.

"பாவி மனுஷா," என்றாள். சத்தமாகவே சொன்னாள். எத்திராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து வாகையின் அடியில் கிடந்த பையை உதறினாள். மீதி நாலு ஆப்பு விழுந்தன. தட்டிப் பார்த்தாள். ஒன்று மொத்தென்றது, தூரப் போட்டாள். எத்திராஜிடம் ஒரு பக்கெட் கேட்டு வாங்கிக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். சீவுகிற கத்தி பைக்குள்ளேயே இருந்தது. பூத்த நாரைச் சீவினாள். அரத்தை எடுத்து, ஆப்பை முழங்காலில் இடுக்கிக்கொண்டு, தலையைச் சுற்றி ராவத் தொடங்கினாள். கண்ணாடி வளையல் ஒவ்வொரு இழுப்புக்கும் சலசலத்தது. எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றையும் முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"காத்து வருதும்மா," என்றார் எத்திராஜ். "ஏம்மா, நாளைக்கே கூடப் பாத்துக்கலாம்மா. நான் ஏதோ பயத்துல வந்து சொல்லிட்டேன்."

"நீங்க மனைக்கு அந்தாண்ட கோடில போய் நில்லுங்க சார். யாரும் உள்ள வராம பாத்துக்கோங்க. நான் கத்தினா ஓடிப் போங்க."

ராவிய ஆப்பில் ஒன்றை எடுத்துக் காய்ந்த மண்ணில் புரட்டினாள். ஈர மரம், வழுக்கிக்கொண்டு பின்னால் தெறிக்காமல் இருக்க அது. சிக்கியிருந்த ஆப்புக்குப் பக்கத்தில் கீறலுக்குள் கையால் செருகி, சம்மட்டியைத் தூக்கினாள். கைப்பிடியில் அவர் சுற்றிய சைக்கிள் டியூப் பிசுபிசுத்தது. அடித்தாள். உள்ளே போயிற்று. இன்னொரு அடி. இன்னும் ஒரு விரல். இரண்டாவது ஆப்பை அந்தப் பக்கம் வைத்து அடித்தாள். மரத்துக்குள்ளிருந்து லேசாக நெரிபடும் சத்தம் வந்தது. பழைய ஆப்பு மூன்றும் தளர்ந்தன, ஒன்றைக் கையாலேயே உருவ முடிந்தது. அதையும் உட்கார்ந்து ராவினாள். அவசரப்படவில்லை. ராவித் திரும்ப வைத்தாள்.

எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தாள். வாய் தானாக எண்ணியது. ஏழு, எட்டு. மேலே பார்த்துக்கொண்டே அடித்தாள். மொட்டை உச்சி வானத்தில் மெல்ல நகர்ந்தது. ஒன்பது. பத்து. பதினோராவது அடியில் கீறல் கையகலத்துக்கு வாயைப் பிளந்தது. அவள் சம்மட்டியைப் போட்டுவிட்டு, அவர் சொல்லிக்கொடுத்திருந்த மாதிரி பின்னால் போகாமல் சாய்வாக விலகி ஓடினாள். வாகை காலி மனையில், வாய் பார்த்த திசையில், கொஞ்சமும் பிசகாமல் போய் விழுந்தது. தரை அதிர்ந்தது. புழுதி அடங்க நேரம் ஆயிற்று.

பதினோரு அடி. நேற்று ஒரு மணி நேரம் அவர் அடித்த அடிதான் மரத்தை அந்த எல்லை வரைக்கும் கொண்டுவந்து வைத்ததா, மீதி இருந்தது பதினோரு அடிதானா? இல்லை, ராவிய ஆப்பாக இருந்திருந்தால் நேற்றைக்கே பதினைந்து இருபது அடியில் முடித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சோறு கேட்டிருப்பாரா? அடிமரத்தைப் பார்த்து இதைச் சொல்லத் தெரிந்த ஆள் ஒருத்தர்தான். அவரை இந்நேரம் மயானத்து மின் அடுப்புக்குள்ளே தள்ளியிருப்பார்கள்.

எத்திராஜ் மனையின் கோடியிலிருந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே வந்தார். விழுந்த மரத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், ஒரு ஓடு உடையவில்லை. முகத்திலிருந்து ஒரு நாள் பயமும் இறங்கிவிட்டது.

"அவ்வளவுதானாம்மா?" என்றார். "நேத்து அந்த அடி அடிச்சாரே."

"அவ்ளோதான் சார்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் ஆப்புகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கே போனாள், இந்த நேரத்தில் கிணறு குளம் என்று எதுவும் புத்தி போயிருக்குமோ என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சந்து வழியாக உள்ளே வந்து, பையைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தள்ளிவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். சௌம்யா ஓடி வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. குளித்துத் தலையில் துண்டு சுற்றியிருந்தாள்.

"எங்கம்மா போன? செத்துட்டேன் நானு."

"மரத்தண்ட. வுய்ந்துடுச்சி."

அப்பா கடைசியாக நின்ற இடத்தை அம்மா பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று சௌம்யா தானாகவே நினைத்துக்கொண்டாள் போல. டிரம்மிலிருந்து பிளாஸ்டிக் ஜக்கால் மொண்டு அம்மாவின் தலையில் ஊற்றினாள். தண்ணீர் சில்லென்று இறங்கியது. மல்லிகை நனைந்து தொங்கியது. கூந்தலிலிருந்து மரத்தூள் வழிந்து நெற்றிக்கு வந்தது, கன்னத்து மஞ்சளும் குங்குமமும் கரைந்து அதோடு சேர்ந்து சாக்கடைப் பக்கம் ஓடியது.

"இவ்ளோ தூளா?" என்று விரலால் கோதிவிட்டாள் சௌம்யா. பிறகு ஜக்கை டிரம் விளிம்பில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா. டாக்டர் கிட்ட தனியாக் கேட்டேன். அப்பா கஷ்டப்படலயாம். ஒரே நிமிஷமாம். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாரு."

நாகவல்லி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா," என்றாள். "ஒரே நிமிசம்."

சௌம்யா சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக, நிம்மதியாக அழுதாள்.

"ஊத்துடி, இன்னும் தூள் கீது," என்றாள் நாகவல்லி. பெண் அழுதுகொண்டே டிரம்மில் குனிந்து மொண்டாள்.